யாரும் தொடவே இல்லை!



வீட்டில் ஏதாவது ஒரு பொருள் கெட்டுப்போனால் முதலில் யார் தலை உருளும்? மிக்சி சுற்றவில்லையா, டி.வி. தெரியவில்லையா, "நீதானே கடைசியாத் தொட்டே?" என்று கேள்வி வரும். பெரும்பாலும் அந்தக் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படிப்பட்ட நானே போன மே மாதம் அந்தக் கேள்வியை ஒரு பையனைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கதையைக் கேளுங்கள்.

போச்சு... எல்லாம் போச்சு!

நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, கீழ்க்கட்டளையில். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2007-ல் வாங்கியது. உங்களில் பலரைவிட அதற்கு வயது அதிகம்! அதில் இருப்பது 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுப்பதில்லை. தமிழ் தட்டச்சுப் பழக அது போதும்.

கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பத்திரிகை தயாரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு முடித்தவன். கீழ்க்கட்டளை ஏரியில் தான் பார்த்த பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மதியம் மூன்றரை மணி இருக்கும். திடீரென்று 'டக்' என்று ஒரு சத்தம். திரை கறுப்பானது. சில நொடிகளில் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி தொடங்கியது. அவன் அடித்து வைத்திருந்த இரண்டு பக்கமும் காணாமல் போனது. 'சேவ்' செய்திருக்கவில்லை.

"என்னத்தடா அமுக்கினே?" என்றேன்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

மறுநாளும் இப்படியே ஆனது. அன்றைக்கும் கீபோர்டு முன்னால் அவன்தான் இருந்தான். "நீ இனிமே இதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரரோ, "காயலான் கடையில போட்டுடுங்க டீச்சர், எடைக்கு ஏதாவது குடுப்பான்" என்றார்.

பையன் அடுத்த நாள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாளும் வரவில்லை.

டாக்டர் கேட்கும் கேள்விகள்

ஆனால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை! அவன் வராத நாளிலும் ரீஸ்டார்ட் ஆனது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்போதும் அதே 'டக்'. எனக்குச் சுருக்கென்றது.

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் எடுத்த எடுப்பிலேயே ஊசி போடுவாரா? "எப்போதிலிருந்து? காலையிலா, இரவிலா? என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். அதுபோல் கம்ப்யூட்டரையும் கேட்டால் என்ன? அது வாய் திறந்து பேசாது. ஆனால் அது நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்துவைக்கலாம் அல்லவா?

பேத்தி ஒரு பழைய நோட்டை எடுத்தாள். கோடு போட்டாள். எப்போது போட்டோம், எத்தனை நிமிடத்தில் போனது, யார் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் வேறு என்ன ஓடியது என்று நான்கு கட்டங்கள். நான்கு நாள் எழுதினோம். அதிலிருந்து சில வரிகள் இதோ:

திங்கள், மதியம் 3 மணி: 22 நிமிடத்தில் போனது. பேத்தி.
திங்கள், உடனே மறுபடி: 5 நிமிடத்தில் போனது. நான்.
செவ்வாய், காலை 6 மணி: 55 நிமிடம் ஓடியது. நான்.
புதன், இரவு 9 மணி: 40 நிமிடம் ஓடியது. பேத்தி.
வியாழன், மதியம் 3 மணி: 20 நிமிடத்தில் போனது. யாரும் தொடவில்லை.

கடைசி வரியைப் பாருங்கள். அன்று கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் தள்ளிப்போய் ஊஞ்சலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீபோர்டு பக்கம் யாருமே இல்லை. 20-வது நிமிடம், 'டக்'!

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுதான்ப்பா. விசாரிக்காம உன்னைச் சொல்லிட்டேன். வந்து கண்டுபிடிக்க உதவி பண்ணு" என்றேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றான். பிறகு, "நோட்டைக் காட்டுங்க டீச்சர்" என்றான்.

முதல் குற்றவாளி: வெப்பம்

நோட்டு மூன்று செய்திகளைச் சொன்னது. யார் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. மதிய வெயிலில் சீக்கிரம் ஆகிறது, குளிர்ந்த காலையில் தாமதமாக ஆகிறது. ஒருமுறை போனதும் ஆறவிடாமல் உடனே போட்டால் மிகச் சீக்கிரம் ஆகிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? ஆமாம், சூடு!

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய சுவிட்சுகள் உண்டு. அவற்றுக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர். அவை ஒரு விநாடிக்குள் பல கோடித் தடவை மாறி மாறித் திறந்து மூடும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற பிராசசர் தலைமேல் அலுமினியத் தகடுகள் அடுக்கியிருப்பார்கள். அதுதான் 'ஹீட் சிங்க்'. அதற்கு மேல் ஒரு குட்டி மின்விசிறி. நமக்கு வேர்வையும் காற்றும் செய்யும் வேலையை அதற்கு இவை செய்கின்றன.

சூடு அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? சில கம்ப்யூட்டர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில, தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே அணைந்துவிடும். சில கணக்குத் தப்பி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

ஊகம் சரிதானா என்று சோதிக்க வேண்டாமா? என் மாப்பிள்ளை சி.பி.யு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தார். மதியம் 3 மணிக்குப் போட்ட கம்ப்யூட்டர் 4 மணி தாண்டியும் ஓடியது. வெப்பம் கையும் களவுமாகப் பிடிபட்டது!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தோம். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளி விரித்ததுபோல் தூசி! வெயில் காலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடினால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது? மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுத்தோம். மின்விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டுதான் துடைக்க வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது.

மறுபடியும் 'டக்'!

மூன்று நாள் கம்ப்யூட்டர் சமர்த்தாக இருந்தது. நான்காம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு மறுபடியும் போனது! பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

பையன் மட்டும் நோட்டைப் புரட்டினான். 'வேறு என்ன ஓடியது' என்ற கட்டத்தில் எழுதினான்: மோட்டார்.

"டீச்சர், நீங்க மோட்டார் போட்டப்ப டியூப் லைட் ஒரு நொடி மங்குச்சு. அப்பத்தான் இது போச்சு" என்றான்.

எனக்கு அது தோன்றவே இல்லை. போர் மோட்டார் போட்டது நான்தான்!

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் வீட்டில் மின்னழுத்தம் சட்டென்று தாழும். விளக்கு மங்குவது அதனால்தான்.

கம்ப்யூட்டருக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு தகரப் பெட்டி உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. மஞ்சள் கம்பியில் 12, சிவப்புக் கம்பியில் 5, ஆரஞ்சுக் கம்பியில் 3.3. "எல்லாம் சரியாக வருகிறது" என்று அது மதர்போர்டுக்கு ஒரு சைகையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சைகை ஒரு கணம் நின்றாலும் போதும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்படியானால் விளக்கு மங்கும்போதெல்லாம் ஏன் ரீஸ்டார்ட் ஆவதில்லை? அங்கேதான் கெப்பாசிட்டர் வருகிறது. சிறிய டப்பா வடிவத்தில் இருக்கும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி இது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும். குழாயில் தண்ணீர் சற்று நின்றாலும் தொட்டி சமாளிக்கிறது அல்லவா? அதுபோல, சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் தடைப்பட்டாலும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிக்கும்.

ஆனால் கெப்பாசிட்டருக்கும் வயதாகும். அதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வற்றும். ஏரியில் வண்டல் சேர்ந்தால் தண்ணீர் நிற்பது குறையும் இல்லையா? அந்தக் கதைதான். வயதான கெப்பாசிட்டரால் பழைய அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கிவைக்க முடியாது. தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை உப்பி, சில சமயம் பழுப்பு நிறத்தில் கசியவும் செய்யும். 2000-களின் தொடக்கத்தில் தயாரான பல மதர்போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் சேர்ந்துவிட்டன. உலகம் முழுவதும் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அதனால் பழுதாயின.

நாங்கள் முதலில் எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவில் நகல் எடுத்துவைத்தோம். பிறகு பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவரிடம் நோட்டைக் காட்டியதும் அசந்துபோனார். "இப்படி எழுதிவெச்சா என் வேலை பாதி முடிஞ்ச மாதிரிம்மா" என்றார். நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பொருத்தினார். வேறு எதையும் மாற்றவில்லை. மோட்டாரைப் போட்டோம். விளக்கு மங்கியது. கம்ப்யூட்டர் அசையவில்லை! இன்னும் இரண்டு முறை பார்த்தோம். அப்போதும் அசையவில்லை.

பழைய பெட்டியை அவர் திறந்து காட்டினார். இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப்போய் இருந்தன. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலிருந்து புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவந்து மாட்டினார். எப்போதோ செத்துப்போன யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றிக்கொண்டோம்.

பார்த்தீர்களா? குற்றவாளி ஒருவர் இல்லை, இரண்டு பேர்! ஒருவரைப் பிடித்ததோடு நோட்டை மூடியிருந்தால் இரண்டாமவர் தப்பியிருப்பார்.

செவ்வாய்க் கிரகத்திலும் ரீஸ்டார்ட்!

இந்தத் தொல்லை நம் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சுவையான ஒரு கதை சொல்கிறேன்.

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் 'பாத்ஃபைண்டர்' விண்கலம் செவ்வாயில் இறங்கியது. அதற்குள்ளிருந்து 'சோஜர்னர்' என்ற குட்டி வண்டியும் இறங்கி ஓடியது. சில நாள் கழித்து விண்கலத்தின் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது! ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலைகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெட்டியை யார் போய்த் திறப்பது?

பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதேபோன்ற கம்ப்யூட்டர் ஒன்று பூமியில் இருந்தது. அதை அதேபோல் ஓடவிட்டு, ஒவ்வொரு கணமும் உள்ளே எந்த வேலை நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட நம் நோட்டு மாதிரிதான்! கடைசியில் அதுவும் ரீஸ்டார்ட் ஆனது. காரணமும் தெரிந்தது.

அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் ஓர் அறைக்கு ஒரே சாவி. அது ஒன்றாம் வகுப்புச் சிறுவன் கையில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் அந்தச் சாவிக்காகக் காத்திருக்கிறார். சிறுவன் ஓடி வருகிறான். வழியில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் நீண்ட ஊர்வலம். 'பெரிய வகுப்புக்கு வழி விடு' என்பது பள்ளி விதி. சிறுவன் ஒதுங்கி நிற்கிறான். ஊர்வலம் முடியவில்லை. தலைமை ஆசிரியர் காத்துக்கொண்டே இருக்கிறார். குறித்த நேரத்துக்குள் அவர் வேலை முடியாவிட்டால், பள்ளியைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இன்னொரு விதி!

விண்கலத்தில் அந்தச் சிறுவன் வானிலை விவரம் சேகரிக்கும் வேலை. ஊர்வலம் செய்தித்தொடர்பு வேலை. தலைமை ஆசிரியர் எல்லாப் பகுதிகளுக்கும் தகவல் கடத்தும் முக்கியமான வேலை. பொறியாளர்கள் ஒரு திருத்தம் அனுப்பினார்கள். 'தலைமை ஆசிரியர் சாவிக்காகக் காத்திருக்கும்வரை, சாவி வைத்திருப்பவருக்கும் தலைமை ஆசிரியருக்குரிய வழி விடுங்கள்' என்பதுதான் அதன் பொருள். தொல்லை தீர்ந்தது! விண்கலம் செப்டம்பர் கடைசி வாரம் வரை நம்மோடு பேசியது.

இன்னொரு விஷயம். இந்தக் கோளாறு செவ்வாயில் இறங்குவதற்கு முன்பு நடந்த சோதனைகளிலேயே தலைகாட்டியது. ஆனால் தேடியபோது மறுபடி வரவில்லை. எப்போதாவது வரும் கோளாறைப் பிடிப்பதுதான் ரொம்பக் கடினம்!

மென்பொருளும் காரணமாகலாம்

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற கணினிப் புழு உலகம் முழுக்கப் பரவியது. இன்டர்நெட்டில் இணைந்திருந்த கம்ப்யூட்டர்களில், '60 விநாடியில் அணையப்போகிறது' என்ற அறிவிப்பு வந்து எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. பல கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டினால் பயப்படாதீர்கள். அதில் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே நோட்டில் எழுதுங்கள். அது நோயாளி வாய் திறந்து பேசுவது மாதிரி!

நினைவில் வையுங்கள்

1. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'சேவ்' செய்யுங்கள். முக்கியமானதற்கு வேறு இடத்தில் ஒரு நகல் வேண்டும்.

2. எப்போது, எத்தனை நிமிடத்தில், என்ன ஓடும்போது என்று குறித்துவையுங்கள்.

3. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

4. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மேலே துணி போட்டு மூடி ஓட்டாதீர்கள்.

5. பிளக்கும் கேபிளும் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சில சமயம் அவ்வளவுதான் கோளாறு!

6. பெட்டியைத் திறப்பது பெரியவர்கள் வேலை. பிளக்கைப் பிடுங்கி, சற்று ஆறவிட்ட பிறகே திறக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாருமே திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

எங்கள் தெருப் பத்திரிகை ஜூன் மாதம் வெளிவந்தது. ஏரிப் பறவைக் கட்டுரையை அவன் இரண்டாம் முறை உட்கார்ந்து அடித்தான். "முதல்ல எழுதினதைவிட இதுதான் டீச்சர் நல்லா வந்திருக்கு" என்றான். அந்த நோட்டு இன்னும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் என் கையால் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறேன்: 'யார் தொட்டது என்று கேட்காதே. எப்போது நடந்தது என்று கேள்.'

என்ன குழந்தைகளே, உங்கள் வீட்டிலும் மின்னி மின்னி எரியும் டியூப் லைட்டோ, நின்று நின்று ஓடும் கடிகாரமோ இருக்கிறதா? இன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். யார்மேலும் பழி போடாமல் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்!